செய்தி உண்மை, சரக்கு வேறு

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். என் மகளுக்கு வயது 17. இந்த வருடம் எஸ்பிஎம் பரீட்சை எழுதுகிறாள். ஒன்பது வயதில் அவளுக்கு முதல் வகை நீரிழிவு என்று கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து தினமும் நான்கு ஊசி. போன மாதம் எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் ஒரு ஹெல்த் டாக் நடந்தது. என் வீட்டுக்காரருக்குத் தம்பி முறையாகும் ஒருவர்தான் ஏற்பாடு செய்தார். மனிதக் கருவிலிருந்து எடுத்த ஸ்டெம் செல் ஊசி மூன்று போட்டால் கணையம் புதிதாக வளரும், இன்சுலினே தேவைப்படாது என்கிறார்கள். மூன்று ஊசிக்கு 27,000 வெள்ளி. கூடவே மாதம் ஒரு பெட்டி ஸ்டெம் செல் பானம், 380 வெள்ளி. அமெரிக்காவில் 12 பேரில் 10 பேர் இன்சுலினை விட்டுவிட்டார்கள் என்ற பத்திரிகைச் செய்தியை லேமினேட் செய்து கையில் கொடுத்தார்கள். பானம் குடிக்கத் தொடங்கியதுமே இன்சுலினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாமாம். நகைகளை அடகு வைத்தால் பாதிப் பணம் தேறும், மீதிக்குத் தவணை தருகிறார்களாம். வீட்டுக்காரர் செம்பனை நாற்றங்காலில் மண்டோர். அவருக்கு அரை மனது. என் மாமியாரோ, கருவைக் கலைத்து எடுக்கிற மருந்து பாவம், நமக்கு வேண்டாம் என்கிறார். அந்தச் செய்தி உண்மைதானா? நான் என்ன செய்யட்டும்? அவர்கள் கொடுத்த துண்டுப் பிரசுரத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட் வட்டாரம்

பதில்: அம்மா, கடைசியில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகளுடைய இன்சுலினை ஒரு யூனிட் கூடக் குறைக்காதீர்கள். அவளைப் பார்க்கும் ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னால் ஒழிய, யார் சொன்னாலும் வேண்டாம். இதைப் படிக்கும்போதே அவள் பானத்தைக் குடித்துக்கொண்டு ஊசியைக் குறைத்திருந்தால், பழைய அளவுக்கே திரும்பிவிட்டு, இன்றே அவள் டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். மற்ற எல்லாவற்றையும் நிதானமாகப் பேசலாம்.

நான் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், மழை ஊற்றிக்கொண்டிருந்த ஒரு மாலை, கிளினிக்கை அடைக்கிற நேரத்தில் ஒரு லாரி ஓட்டுநர் தன் மகனைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்தார். பையனுக்குப் பத்தொன்பது வயது. அவன் உள்ளே வந்ததுமே எனக்கு வாசம் தெரிந்துவிட்டது. அளவுக்கு மீறிப் பழுத்த பழத்தை மூடிவைத்துத் திறந்தால் வருமே, அந்த வாசம். உட்கார்ந்த இடத்திலேயே, ஓடி வந்தவனைப் போல் ஆழமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். குளுக்கோமீட்டரில் எண் வரவில்லை, 'ஹை' என்ற எழுத்து மட்டும் வந்தது. நாலு நாளாக இன்சுலின் போடவில்லை. யாரோ கொடுத்த பானத்தில் சர்க்கரை போய்விடும் என்று நம்பியிருக்கிறான். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்து பிழைத்தான். பிறகு அவன் அப்பா என் மேசை மேல் அந்தப் பாக்கெட்டுகளைக் கொட்டிக் காட்டினார். பதினொன்று மீதி இருந்தன. "இதைத் திருப்பிக் கொடுத்தால் பணம் தருவார்களா டாக்டர்?" என்று கேட்டார். தரவில்லை.

உங்கள் மகளுக்கு வாந்தி, வயிற்றுவலி, மூச்சில் அப்படி ஒரு பழ வாசம், காரணமில்லாத தூக்கக் கலக்கம் இவற்றில் எது வந்தாலும் கிளினிக்குக்குக் கூட வர வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்வி. அந்தச் செய்தி உண்மை. உங்கள் கொழுந்தனார் பொய்ச் செய்தியைக் காட்டவில்லை. 2025 ஜூனில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற பெரிய மருத்துவ இதழில் வந்த ஆய்வு அது. பாஸ்டன் நகரத்து வெர்டெக்ஸ் நிறுவனத்தின் மருந்து, பெயர் ஜிமிஸ்லெசெல். கரு ஸ்டெம் செல்லைப் பரிசோதனைக்கூடத்தில் வளர்த்து, படிப்படியாக மாற்றி, இன்சுலின் சுரக்கும் கணையச் செல்லாக ஆக்கி, கல்லீரலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் வழியாக ஏற்றுகிறார்கள். முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டு முடிவில் இன்சுலின் போடாமலேயே இருந்தார்கள். படித்தபோது எனக்கும் சந்தோஷம்தான். முப்பது வருடமாக இந்த நோய்க்கு ஊசியை மட்டுமே எழுதிக் கொடுத்தவன் நான்.

ஆனால் அந்த ஆய்வில் சொன்ன மற்ற விஷயங்கள் லேமினேட்டுக்கு வெளியே போய்விட்டன. அதில் சேர்த்தவர்கள் எல்லோரும் பெரியவர்கள். சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்கி விழும் ஆபத்து அடிக்கடி வந்தவர்கள். இறங்குவது தங்களுக்கே தெரியாதவர்கள். அடுத்தவர் செல்லை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையை அவர்கள் தொடர்ந்து சாப்பிட வேண்டும், சிறுநீரகம் மாற்றியவர்கள் சாப்பிடுவது போல. அந்த ஆய்வில் இரண்டு பேர் இறந்தும் போனார்கள். ஒருவருக்கு முன்பே இருந்த மூளை பாதிப்பு முற்றியது. மற்றவருக்குக் கிருமியால் வந்த மூளைச் சவ்வு அழற்சி. எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்த உடம்பில் எந்த மாதிரிக் கிருமி புகும் என்பதை நினைத்துப் பார்த்தால், பதினேழு வயதுப் பிள்ளைக்கு இன்சுலின் ஊசியா, இந்த மாத்திரையா என்றால், இன்றைக்கு நான் ஊசி என்றுதான் சொல்வேன்.

முதல் வகை நீரிழிவில் உடம்பின் காவல்காரனே கணையச் செல்லை எதிரி என்று நினைத்துக் கொன்றுவிடுகிறான். புதுச் செல்லை வைத்தாலும் அவன் சும்மா இருக்க மாட்டான். ஆகவே கொழுந்தனாரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஊசிக்குப் பிறகு எதிர்ப்புச் சக்தியை அடக்க என்ன மருந்து தருவீர்கள்?" பிரசுரத்தில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. நான் இரண்டு தடவை தேடினேன்.

ஸ்டெம் செல்லுக்குக் குருத்தணு என்று நல்ல தமிழ்ச் சொல் உண்டு. குருத்து என்றால் உங்கள் வீட்டில் விளக்கவே வேண்டாம். கருத்தரிப்புச் சிகிச்சையில் சோதனைக் குழாயில் உருவாகி, ஐந்தாறு நாள் வளர்ந்த கருவுக்குள் சில பத்துச் செல்கள் எதுவாகவும் ஆகாமல் காத்திருக்கும். தோல், நரம்பு, இதயம், கணையம், எதுவாக வேண்டுமானாலும் ஆகும். 1998இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் என்பவர்தான் மனிதக் கருவிலிருந்து இதை முதன்முதலாகப் பிரித்து வளர்த்தார்.

எதுவாக வேண்டுமானாலும் ஆகும் என்பதில்தான் வம்பும் இருக்கிறது. இந்தச் செல்லை அப்படியே உடம்பில் போட்டால் அது கணையம் தேடிப் போய் உட்காராது. கட்டியாக வளரும். அந்தக் கட்டிக்குள் முடி, எலும்பு, பல் கூட இருக்கும். தன் கையில் இருப்பது உண்மையான கரு ஸ்டெம் செல்தானா என்று பார்க்க ஆய்வாளர்கள் செய்யும் பழைய சோதனையே அதுதான்: எலிக்குள் போட்டு, அப்படி ஒரு கட்டி வருகிறதா என்று பார்ப்பது. உங்கள் பிரசுரத்தில் 'உயிருள்ள கருச் செல் நேரடியாக நரம்பில்' என்று போட்டிருக்கிறது. அது உண்மையாக இருந்தால் ஓட வேண்டும். பொய்யாக இருந்தால் 27,000 வெள்ளி போச்சு. எப்படிப் பார்த்தாலும் நமக்கு ஆகாது.

அது பொய் என்றுதான் நினைக்கிறேன். கீழே பொடி எழுத்தில் 'எம்எஸ்சி' என்று இருக்கிறது, பார்த்தீர்களா? அது பெரும்பாலும் தொப்புள்கொடியிலிருந்தோ கொழுப்பிலிருந்தோ எடுக்கும் வேறு வகைச் செல். அதை வைத்தும் ஒழுங்கான ஆராய்ச்சிகள் நடக்கின்றன. ஆனால் அது கருச் செல் இல்லை, கணையமாகவும் ஆகாது. மேலே குழந்தை படம், கீழே பொடி எழுத்து. அமெரிக்கச் செய்தியின் மரியாதையை இதற்கு இரவல் வாங்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கரு ஸ்டெம் செல்லைக் கணையச் செல்லாக மாற்றுவது எவ்வளவு பாடு என்று ஒரு அப்பாவின் கதை சொன்னால் புரியும். ஹார்வர்டில் டக் மெல்ட்டன் என்று ஒரு விஞ்ஞானி. தவளை முட்டையை ஆராய்ந்துகொண்டிருந்தவர். 1991இல் அவருடைய ஆறு மாதக் குழந்தை சாமுக்கு முதல் வகை நீரிழிவு. மனிதர் தவளையை விட்டுவிட்டுக் கணையத்துக்கு வந்துவிட்டார். பத்து வருடம் கழித்து மகள் எம்மாவுக்கும் அதே நோய். 2014இல்தான் இன்சுலின் சுரக்கும் செல்லை மனித ஸ்டெம் செல்லிலிருந்து பெரிய அளவில் உண்டாக்கும் முறையை வெளியிட்டார். இருபது வருடத்துக்கு மேல். தகப்பன் என்பதற்காக இயற்கை அவசரப்படவில்லை. பிறகு தொடங்கிய நிறுவனத்துக்குச் செம்மா என்று பெயர் வைத்தார், சாம், எம்மா இரண்டையும் சேர்த்து. தமிழில் கேட்டால் நமக்கு வேறு மாதிரி இருக்கும், அது வேறு விஷயம்.

அந்தச் செம்மா நிறுவனத்தை 2019இல் வெர்டெக்ஸ் 95 கோடி அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. அப்போது அந்த மருந்து ஒரு மனிதருக்குக் கூடப் போடப்படவில்லை. முதல் நோயாளிக்குப் போட்டது 2021இல். வியாசைட் என்று இன்னொரு நிறுவனமும் இதே வேலையில் பல ஆண்டு இருந்தது, அதையும் 2022இல் 32 கோடி டாலருக்கு வெர்டெக்ஸே வாங்கிக்கொண்டது. ஏன் இவ்வளவு பணம்? இறந்தவர் தானம் செய்த கணையத்திலிருந்து செல் எடுத்து ஏற்றினால் இன்சுலினை நிறுத்த முடியும் என்று கனடாவின் எட்மன்டனில் 2000ஆம் ஆண்டிலேயே ஏழு பேரிடம் காட்டிவிட்டார்கள். ஆனால் ஒரு நோயாளிக்கு இரண்டு மூன்று பேருடைய கணையம் தேவைப்பட்டது. அத்தனை கணையத்துக்கு எங்கே போவது? தொட்டியில் வளர்கிற செல்லுக்கு அந்தத் தட்டுப்பாடு இல்லை. வியாபாரக் கணக்கு அதுதான். அதில் தப்பும் இல்லை.

வியாபாரம் கைவிட்ட கதையும் உண்டு. ஜெரான் என்ற நிறுவனம்தான் தாம்சனின் ஆராய்ச்சிக்கே பணம் கொடுத்தது. முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்குக் கருச் செல் சிகிச்சை தர 2009இல் அமெரிக்க அரசின் அனுமதி, 2010 அக்டோபரில் முதல் நோயாளி. உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. 2011 நவம்பரில், ஐந்தாவது நோயாளியோடு, கடையைச் சாத்திவிட்டார்கள். செல்லால் யாருக்கும் கெடுதல் வந்ததால் அல்ல. பணம் போதவில்லை, புற்றுநோய் மருந்துகளைக் கவனிக்கப் போகிறோம் என்றார்கள். சக்கர நாற்காலியில் காத்திருந்தவர்களுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும்! பிறகு வேறு நிறுவனங்கள் அதை வாங்கித் தொடர்ந்தன.

வெர்டெக்ஸுக்கும் எல்லாம் பலிக்கவில்லை. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை வேண்டாதபடி செல்லைச் சின்னக் கருவிக்குள் அடைத்து உடம்பில் வைத்துப் பார்த்தார்கள். போதுமான இன்சுலின் சுரக்கவில்லை. 2025 மார்ச்சில் அவர்களே அதை அறிவித்து நிறுத்தினார்கள். தங்கள் சரக்கு வேலை செய்யவில்லை என்று மேடையேறிச் சொன்ன ஒரு ஸ்டெம் செல் ஏஜென்டை நான் இதுவரை பார்த்ததில்லை.

நான் இதை எழுதும் நாள் வரை, கரு ஸ்டெம் செல்லிலிருந்து செய்த எந்த மருந்துக்கும் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ நம் மலேசியாவிலோ விற்பனை அனுமதி கிடைக்கவில்லை. எல்லாம் ஆய்வு நிலைதான். ஒழுங்கான ஆய்வில் சேருகிறவரிடம் மருந்துக்குக் காசு வாங்க மாட்டார்கள். உண்மையான செல்லை வைத்திருப்பவர்கள் கோடிக்கணக்கில் கொட்டிவிட்டு இன்னும் நோயாளியிடம் கை நீட்டவில்லை. கோயில் மண்டபத்தில் தவணைக்குக் கிடைக்கிறது என்றால் அது என்ன செல்லாக இருக்கும்?

உண்மையான ஆய்வாளர்கள் ஏன் இப்படி ஆண்டுக்கணக்கில் இழுக்கிறார்கள் என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டால், குளோன் செம்பனையை ஞாபகப்படுத்துங்கள். விரியாத குருத்திலைத் துண்டை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து ஒரே மாதிரிக் கன்றுகளை உண்டாக்கும் வேலை 1970களில் தொடங்கியது. நாற்றங்காலில் எல்லாக் கன்றும் ஒரே பச்சை, ஒரே உயரம். நட்டு, காய்ப்புக்கு வந்த பிறகுதான் 1980களில் குட்டு வெளிப்பட்டது: சில மரங்களில் பழம் திருகி, தோல் மேல் தோல் முளைத்து, எண்ணெய் இல்லாமல். மேண்டல்ட் பழம் என்று மண்டோர்களுக்குத் தெரிந்திருக்கும். காரணத்தை நம் மலேசிய செம்பனை வாரிய விஞ்ஞானிகள் 2015இல்தான் கண்டுபிடித்தார்கள். மரபணு எழுத்து மாறவில்லை. அதன் மேல் ஒட்டியிருக்கும் சின்ன ரசாயன அடையாளம் ஆய்வுக்கூட வளர்ப்பில் உதிர்ந்துவிட்டது. கன்றைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. மரம் என்றால் வெட்டிவிட்டு வேறு நடலாம். உங்கள் மகள் உடம்பில் ஏற்றிய செல்லைத் திரும்ப எடுக்க முடியாது. தொட்டியில் நீண்ட நாள் வளரும் மனிதச் செல்லிலும் இப்படிக் கோளாறுகள் வருகின்றன, அதனால்தான் ஒவ்வொரு தொகுதியையும் சோதிக்கிறார்கள், ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பார்க்கிறார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கொழுப்பிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லைக் காசு வாங்கிக்கொண்டு கண்ணில் ஊசியாகப் போட்டதில் மூன்று பெண்களின் பார்வை போன விவரம் 2017இல் அதே நியூ இங்கிலாந்து ஜர்னலில் வந்தது. அந்தச் செய்தியை யாரும் லேமினேட் செய்வதில்லை.

மாமியார் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தச் சண்டை உலகம் முழுக்க நடந்தது. 2001இல் அமெரிக்க அதிபர் புஷ் புதிய கருச் செல் வரிசைகளுக்கு, அதாவது புதிதாக ஒரு கருவிலிருந்து எடுத்துப் பெருக்கும் செல்களுக்கு, அரசுப் பணம் கிடையாது என்றார். 2009இல் ஒபாமா அந்தத் தடையை நீக்கினார். கருவை அழித்துச் செய்யும் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை இல்லை என்று 2011இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவரிடம் நீங்கள் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: இது வயிற்றில் வளர்ந்த பிள்ளையைக் கலைத்து எடுப்பதில்லை. பிள்ளை வேண்டும் என்று சிகிச்சைக்குப் போன தம்பதி, தங்களுக்குத் தேவைப்படாமல் மீந்த, மணல் துகள் அளவுக் கருவைத் தானமாகக் கொடுத்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு கரு என்ற கணக்கும் இல்லை; ஒரு தடவை எடுத்த செல் பெருகிக்கொண்டே இருக்கும், தாம்சன் 1998இல் எடுத்த வரிசைகள் இன்னும் ஆய்வுக்கூடங்களில் வளர்கின்றன. அதற்குப் பிறகும் பாவம் என்று அவருக்குத் தோன்றினால் அது அவர் மனசாட்சி. எனக்கு அதில் பாவம் தெரியவில்லை. தோல் செல்லையே பின்னோக்கித் திருப்பி அதே மாதிரிச் செல்லாக்கும் வழியை ஜப்பானின் யமனாக்கா கண்டுபிடித்து 2012இல் நோபல் பரிசும் வாங்கிவிட்டார். உங்கள் பேத்தி காலத்தில் இந்தக் கேள்வியே எழாமல் போகலாம்.

பானத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆப்பிள் ஸ்டெம் செல்லோ ஆட்டு நஞ்சுக்கொடியோ, வாய் வழியாகப் போனால் வயிற்றில் முட்டை என்ன ஆகுமோ அதுதான் ஆகும். நம் வீட்டில் பெனடோல் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். மருந்து என்றால் இந்த நாட்டில் அந்த எண் வேண்டும். செல் சிகிச்சைப் பொருளும் இப்போது என்பிஆர்ஏ என்னும் மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் கீழ்தான் வருகிறது. உங்கள் பிரசுரத்தில் ஊசிக்கும் இல்லை, பானத்துக்கும் இல்லை. இன்னொன்று, 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டம் இருபது நோய்களைப் பட்டியல் போட்டு, அவற்றைக் குணமாக்கும் என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. நீரிழிவும் அதில் ஒன்று. கோயில் கமிட்டிக்கு இது தெரிந்திருக்காது. தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது, அடுத்த மாதம் வேறு யாராவது மைக் பிடிப்பதற்குள்.

எலும்பு மஜ்ஜை மாற்றம் நிஜமான ஸ்டெம் செல் சிகிச்சைதான். ரத்தப் புற்றுநோய்க்கும் தலசீமியாவுக்கும் இங்கேயே செய்கிறார்கள். அதில் பிழைத்த ஒருவரைக் காட்டி இதை விற்பார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கொழுந்தனாரோடு சண்டை போடாதீர்கள். அவரும் யாரிடமோ ஏமாந்து, பெட்டிப் பெட்டியாக வாங்கி வைத்துக்கொண்டு தவிக்கிறாரோ என்னவோ. 'டாக்டர் எம்ஏஎல் எண்ணும், ஆய்வு நெறிமுறைக் குழுவின் கடிதமும் கேட்கிறார்' என்று என் மேல் பழியைப் போட்டுவிடுங்கள். எனக்குப் பழகிவிட்டது.

நகை பீரோவிலேயே இருக்கட்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளிதான். அடுத்த அப்பாயின்ட்மென்டை விட்டுவிடாமல் போய், பதினான்கு நாள் கையில் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரை சென்சார் மகளுக்குப் பயன்படுமா என்று கேளுங்கள். அதைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும், ஆனால் அந்த 27,000 வெள்ளிக் கணக்கில் சில வருடம் ஓட்டலாம். எஸ்பிஎம் பரீட்சை அறைக்கு மீட்டரும் மிட்டாயும் கொண்டுபோக இப்போதே பள்ளியில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கி வையுங்கள். பரீட்சை நாளில் போய்க் கேட்டால் கண்காணிப்பாளர் முழிப்பார்.

அப்புறம், அந்த லேமினேட் செய்த செய்தியை மட்டும் கொழுந்தனாரிடம் கேட்டு வாங்கி மகளிடம் கொடுங்கள். அதில் இருப்பது உண்மை, அவள் நோயைப் பற்றியது. படிக்கட்டும்.